வீட்டில் ஒருவர் மட்டும் வீகன்: மீன் குழம்பு, தயிர், காபி எப்படிச் சமாளிப்பது?

திருவான்மியூர்_அடுப்பு:
சமையல் என் பொறுப்பு, நான் வீகன்; மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடச் சேர்ப்பதில்லை. மாமியாருக்குத் தயிர் இல்லாமல் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரருக்கு ஞாயிறானால் மீன் வேண்டும். தினமும் ரெண்டு சமையல் கட்டுப்படியாகாது. ஒரே குழம்பை எந்தக் கட்டத்தில் பிரிப்பது? வேர்க்கடலைத் தயிர் உறையவே மாட்டேன் என்கிறது. சோயா பால் காபியும் திரிந்துபோகிறது.

கல்சட்டி:
புளிக்குழம்பாக இருந்தால் கவலையே இல்லை. நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, தூள் போட்டு, புளி கரைத்து ஊற்றுங்கள். பச்சை வாசனை போய் எண்ணெய் மேலே மிதக்கும்போது இரண்டாகப் பிரியுங்கள். மீன் 5, 6 நிமிடத்தில் வெந்துவிடும். உங்கள் பங்கில் போடும் சேனையைத் தனியாக முக்கால் வேக்காடு வேகவைத்துச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் புளியில் லேசில் வேகாது.

மீனுக்குத் தனி மண்சட்டி, தனிக் கரண்டி. மண்சட்டியில் கவிச்சி ஏறிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஒரே எண்ணெய் என்றால் வாழைக்காய் முதலில், வஞ்சிரம் பிறகு. சாம்பார், ரசம் எல்லாம் எண்ணெயில் தாளியுங்கள். நெய் அவரவர் தட்டில்.

மயிலை_மாமி:
தயிருக்கு வருவோம். 1 கப் பச்சை வேர்க்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, தோலை நீக்கி, 3 கப் தண்ணீர் விட்டு அரைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சிறு தீயில் 10 நிமிடம் கைவிடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும். விரல் பொறுக்கும் வெதுவெதுப்புக்கு ஆறியதும், கழுவிய பச்சைமிளகாய்க் காம்பு 8, 10 எடுத்துப் பாலில் முழுதும் மூழ்கும்படி போட்டு மூடுங்கள். உறையவைக்கும் நுண்ணுயிர் அந்தக் காம்பில்தான் ஒட்டியிருக்கிறது. பால் சூடாக இருந்தால் அது செத்துப்போகும். உங்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். சென்னை வெயிலில் ஓர் இரவு போதும், மார்கழியில் இன்னும் நேரம் பிடிக்கும்.

முதல் ஈடு நீர்த்து, லேசாக மிளகாய் வாசனையோடுதான் இருக்கும். கொட்டிவிடாதீர்கள், அதுதான் உறை. அடுத்த ஈட்டுக்கு அதில் 2 ஸ்பூன் விட்டால் கட்டியாக வரும். அடியில் நீர் பிரிந்தால் குற்றமில்லை, கலக்கிக்கொள்ளலாம். வழவழப்போ இளஞ்சிவப்போ தெரிந்தால் மட்டும் கொட்டுங்கள். தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைய மசித்து, நன்றாக ஆறியபின் கலக்குங்கள்; சூட்டில் கலந்தால் கடலை வாடை தூக்கும்.

டிகாஷன்_பிரியன்:
டிகாஷனில் புளிப்பு உண்டு. அதோடு சூடும் சேர்ந்தால் சோயா புரதம் திரண்டுவிடும். பாலைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி டம்ளரில் ஊற்றி, சற்று ஆறிய டிகாஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். ஓட்ஸ் பால் அவ்வளவு சீக்கிரம் திரியாது. இன்னொன்று: பி12 வைட்டமின் காய்கறியில் கிடைக்காது, மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

திருவான்மியூர்_அடுப்பு:
நன்றி. மாமி, இந்தத் தயிரில் மோர்க்குழம்பு வருமா?

மயிலை_மாமி:
வரும். துவரம்பருப்பு, தனியா, சீரகம், தேங்காய், பச்சைமிளகாயோடு 1 ஸ்பூன் பச்சரிசியும் ஊறவைத்து அரையுங்கள். அரிசி இல்லாவிட்டால் பிரிந்துவிடும். விழுதையும் வெந்த பூசணியையும் முதலில் கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்துத் தயிரை ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் அணைத்துவிடுங்கள். மாமியாருக்கும் இதையே பரிமாறலாம், வித்தியாசம் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்!