பிரியாணியா, ஃப்ரூட் சாலடா? பந்தி விசாரணை அனுபவங்கள்

ஓய்வுபெற்ற எச்.ஐ.

முப்பது வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன். எங்காவது நாலு பேர் வாந்தி எடுத்தார்கள் என்று செய்தி வந்தால், அடுத்த நிமிடமே "கெட்டுப்போன கறி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கறிக்கடைக்காரர் ஞாபகம் வருவார். அந்தக் கதையைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களும் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

ஒரு காதணி விழா. ஊர்ப் பெயர் வேண்டாம். மத்தியானம் பன்னிரண்டரைக்கு முதல் பந்தி. மூன்றரைக்கு மண்டபத்து வாசலிலேயே ஒரு பையன் வாந்தி எடுத்தான். ஐந்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலைய வராந்தாவில் பாய் விரித்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் இறங்குவதற்குள் ஊர் முடிவு பண்ணிவிட்டது: மட்டன் பிரியாணி. கறி கொடுத்தவரை இரண்டு பேர் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். "வாந்தி எடுத்த அத்தனை பேரும் பிரியாணி சாப்பிட்டவங்க சார், இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் தாய்மாமன்.

நியாயமாகத்தான் தெரியும். ஆனால் பிரியாணி விருந்துக்கு வந்துவிட்டு பிரியாணி சாப்பிடாமல் போனவர் யார்? எல்லாரும் சாப்பிட்ட பண்டம் நோயாளிகள் வயிற்றிலும் இருக்கத்தான் செய்யும். வாந்தி எடுக்காதவர்கள் என்ன சாப்பிட்டார்கள், அதைக் கேட்க வேண்டும். அங்கேதான் யாரும் போவதில்லை.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு பழைய கணக்குக் கொடுப்பார்கள். 1940 ஏப்ரல், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆஸ்வேகோ வட்டாரம், ஒரு சர்ச் விருந்து. விசாரித்த 75 பேரில் 46 பேருக்கு நோய். பன்றிக்கறி சாப்பிட்ட 46 பேரில் 29 பேர் படுத்துவிட்டார்கள். இதோடு நிறுத்தினால் கறிதான் குற்றவாளி. ஆனால் கறியைத் தொடாத 29 பேரிலும் 17 பேர் படுத்திருக்கிறார்கள். சதவீதம் போட்டால் 63, 59. தின்றாலும் தின்னாவிட்டாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வெனிலா ஐஸ்கிரீமுக்கு அதே கணக்கைப் போடுங்கள்: சாப்பிட்ட 54 பேரில் 43, சாப்பிடாத 21 பேரில் 3. அதாவது 80, 14. ஐஸ்கிரீம்தான் குற்றவாளி. அட்டாக் ரேட் என்று நாங்கள் சொல்வது இவ்வளவுதான். ஐந்தாம் வகுப்புப் பையன் போட்டுவிடுவான். சாப்பிட்டும் நன்றாக இருப்பவனைத் தேடிப் போய்க் கேட்பதுதான் வேலை.

சரி, மண்டபத்துக்கு வருகிறேன். ஒரு நீள நோட்டில் கோடு போட்டேன். பெயர், வயது, எந்தப் பந்தி, என்னென்ன சாப்பிட்டார், கேன் தண்ணீரா டிரம் தண்ணீரா, முதலில் வந்தது வாந்தியா வயிற்றுப்போக்கா, எத்தனை மணிக்கு. நானும் செவிலியம்மாவும் வீடு வீடாகப் போனோம். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், பக்கத்து வீட்டுக்குப் போங்க" என்றவர்களிடம்தான் திண்ணையில் உட்கார்ந்து அதிக நேரம் பேசினோம்.

அன்று கிருத்திகை. விரதக்காரர்களுக்குத் தனியாக ஒரு சைவப் பந்தி, இருபது பேர் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வாந்தி. பிரியாணி அங்கேயே விடுதலை. அடுத்து இன்னொன்று தட்டுப்பட்டது. மூன்றாம் பந்தியில் பிரியாணி சாப்பிட்டவர்களில் அநேகமாக யாருக்கும் ஒன்றும் இல்லை. ஏன் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா குறைப்பட்டுக்கொண்டார்: "எங்க பந்திக்கு ஃப்ரூட் சாலடே வரல சார், தீர்ந்துபோச்சுன்னுட்டாங்க."

ஃப்ரூட் சாலடுக்கான பால் கஸ்டர்டை முதல் நாள் ராத்திரியே காய்ச்சி, அண்டாவில் மூடி, அடுப்பங்கரையிலேயே வைத்திருக்கிறார்கள். காலையில் பழம் நறுக்கிக் கையால் கிளறிவிட்ட பையனைக் கூப்பிட்டேன். வலது கட்டைவிரலில் வேட்டித் துணி சுற்றியிருந்தது. அவிழ்க்கச் சொன்னேன். "மஞ்சள் பத்து போட்டிருக்கேன் சார்" என்றான். மஞ்சளுக்கு அடியில் சீழ்.

சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி என்றால் எங்கள் சந்தேகம் முதலில் ஸ்டெபிலோகாக்கஸ் பக்கம் போகும், சீழ்ப் புண்ணில் இருக்கிற கிருமி. அது உணவிலேயே விஷத்தைச் சுரந்து வைத்துவிடும், ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் ஆளைக் கவிழ்த்துவிடும். சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமி என்றால் குறைந்தது ஆறு மணி நேரமாவது ஆகும், பெரும்பாலும் மறுநாள்தான். அண்டாவை சோப்புப் பொடி போட்டுப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார்கள். பயம்! நல்லவேளை, ஒரு வீட்டுத் தூக்குவாளியில் இரண்டு கரண்டி மிச்சம் இருந்தது. ஐஸ் பெட்டியில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். அதே கிருமிதான்.

கறிக்கடைக்காரரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு பட்டன் போச்சு சார்" என்று மட்டும் சொன்னார்.

மாஸ்டர் மகன்

ஐயா, உங்களை மாதிரி ஒருத்தர் வந்திருந்தால் எங்கள் அப்பா இரண்டு முகூர்த்த மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார். அப்பா கல்யாண சமையல் மாஸ்டர்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரிசப்ஷன். ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. திங்கள் அன்று ஏழெட்டுப் பேர், செவ்வாய் இன்னும் கொஞ்சம், புதனும் நிற்கவில்லை. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: மாஸ்டர் சாம்பார். பாத்திரத்தையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

காப்பாற்றியது கிராமச் செவிலியர் ஒருவர். அந்த அக்கா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "கல்யாணத்துக்குப் போகாத வீட்டுல யாருக்காச்சும் இருக்கா?" இருந்தது. பத்திரிகையே வைக்காத வீடுகளில் இருந்தது. பங்காளிச் சண்டையில் பத்து வருடமாகப் பேசாத வீட்டிலும் இருந்தது. அவர்கள் எங்கே எங்கள் சாம்பாரைச் சாப்பிட்டார்கள்?

நோய் இருந்த வீடுகளை ஒரு தாளில் புள்ளி வைத்தார். எல்லாம் குடிநீர்க் குழாயின் கடைசி முனையில். தொட்டியடியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகிறது, கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறது. கடைசி வீட்டுக் குழாய்த் தண்ணீரில் விட்டால் நிறமே மாறாமல் நிற்கிறது. நடுவில் சாக்கடையைக் குழாய் தாண்டுகிற இடத்தைத் தோண்டினார்கள், உடைந்திருந்தது.

விருந்துச் சாப்பாடாக இருந்தால் ஒரே நாளில் குபீர் என்று ஏறி இறங்கியிருக்குமாம். நாலு நாளைக்கு இழுத்ததுமே அவருக்குத் தண்ணீர் மேல் சந்தேகம் வந்ததாம். குழாயைச் சரி பண்ணினார்கள். அப்பாவுக்குப் போன ஆர்டர் மட்டும் உடனே திரும்பவில்லை.

ஒரு அம்மா

என்னுடையது சின்னது. ஹாஸ்டலில் இருந்த மகனுக்கு மஞ்சள் காமாலை. முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாக் கடையை நான் திட்டாத திட்டு இல்லை. விசாரிக்க வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "போன மாசம் இந்தத் தேதிவாக்கில பையன் எங்கம்மா இருந்தான்?" என்றார். நேற்றுத் தின்றதைச் சொல்கிறேன், இவர் போன மாதத்தைக் கேட்கிறாரே என்று கோபம் வந்தது. இந்தக் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் உள்ளே போய் வெளியே தெரிய 15 முதல் 50 நாள் ஆகுமாம். போன மாதம் என்ன சாப்பிட்டோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? எங்கள் விஷயத்தில் காரணம் கடைசிவரை தெரியவில்லை. பரோட்டாக் கடைக்காரருக்கு இப்போது வணக்கம் வைக்கிறேன்.

ஹாம்பர்க்கில் படித்தவன்

ஞாபகம் இல்லை என்றீர்களே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2011 மே மாதம் நான் ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் மாணவன். ரத்தமாக வயிற்றுப்போக்கு, பிறகு சிறுநீரகம் செயலிழப்பு. அதுவும் குழந்தைகளைவிடப் பெரியவர்களுக்கு, அதில் பெண்களுக்கு அதிகம். ஈ.கோலை என்ற குடல் கிருமியில் ஓ104 என்ற வகை. தக்காளி, வெள்ளரி, லெட்யூஸ் பச்சையாகச் சாப்பிடாதே என்றார்கள். அடுத்த நாள் ஸ்பெயின் வெள்ளரிக்காய்தான் என்று நகரத்து அதிகாரிகளே அறிவித்தார்கள். வெள்ளரியில் இருந்த கிருமி வேறு, நோயாளிகளிடம் இருந்தது வேறு என்று சில நாளில் தெரிந்தது. அதற்குள் ஸ்பெயின் விவசாயிகள் வெள்ளரியைக் கொட்டி அழித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே கறிக்கடைக்காரர் சட்டை, அங்கே ஒரு நாட்டின் விளைச்சல்.

உண்மையான ஆள் முளைப்பயிர். நோயாளிகளைக் கேட்டபோது நாலில் ஒருவர்தான் அதைச் சாப்பிட்டதாகச் சொன்னார். சாலட் மேல் அலங்காரத்துக்குத் தூவுவதை யார் நினைவு வைத்திருப்பார்? அங்கேதான் ஜெர்மனி அரசின் நோய்த் தடுப்பு ஆய்வு நிறுவனமான ராபர்ட் கோஹ் நிறுவனத்துக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரே உணவகத்தில் சாப்பிட்ட 10 குழுக்கள், 152 பேர். அவர்களிடம் எந்தத் தட்டு வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். அந்தத் தட்டில் என்னென்ன போட்டாய் என்று சமையல்காரரிடம் கேட்டார்கள். நோய் வந்தவர்கள் 31 பேர். 31 பேர் தட்டிலும் முளை இருந்தது.

எல்லாம் அடங்கும்போது ஜெர்மனியில் 3,842 பேருக்கு நோய், 53 பேர் இறந்திருந்தார்கள். அந்த முளைக்கு விதை எகிப்திலிருந்து வந்த வெந்தயம் என்று விசாரணை முடிந்தது. போனில் சொன்னால் அம்மா நம்பவே இல்லை. "வெந்தயமாடா? அது வயித்துக்கு நல்லதாச்சே!" சாம்பாரில் தாளிக்கிற வெந்தயத்துக்கு ஒன்றும் இல்லை அம்மா, ஈரத்தில் இளஞ்சூட்டில் முளைகட்டும்போது கிருமியும் சேர்ந்து பெருகும், அதை வேகவைக்காமல் தின்றதுதான் வினை என்றேன். "அப்ப தோசை சுடலாம்ல?" சுடலாம்.

மாஸ்டர் மகன்

எச்.ஐ. ஐயா, ஒரு சந்தேகம். ஆஸ்வேகோவில் ஐஸ்கிரீம் சாப்பிடாதவர்களிலும் 3 பேருக்கு நோய் வந்தது என்றீர்களே, அது எப்படி?

ஓய்வுபெற்ற எச்.ஐ.

நல்ல கேள்வி. மறந்திருக்கலாம், பிறர் கரண்டியில் நக்கியிருக்கலாம், அது வேறு நோயாகவே இருந்திருக்கலாம். எந்த விசாரணையிலும் இப்படி நாலு பேர் கணக்குக்கு ஒத்துவர மாட்டார்கள்.

என் காதணி விழாவிலும் ஒருவர் இருந்தார். அறுபத்தைந்து வயதுப் பெரியவர், குளுக்கோஸ் பாட்டிலோடு படுத்திருந்தார். ஃப்ரூட் சாலட் சாப்பிட்டீர்களா என்றேன். "சேச்சே, எனக்கு சுகர், தொடவே மாட்டேன்" என்றார். பக்கத்தில் அவர் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நோட்டில் "இல்லை" என்று எழுதினேன். ராத்திரி அந்த அம்மா காபி வாங்கப் போன நேரத்தில் பேரன் வந்து என் சட்டையை இழுத்தான். "தாத்தா ரெண்டு கப் சாப்பிட்டாங்க. என் கப்பையும் வாங்கிக்கிட்டாங்க." பெரியவரைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டார். "இல்லை"யை அடித்துவிட்டு "ஆம்" என்று எழுதி, அந்த அம்மா வருவதற்குள் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.