காப்ரி தீவுக்கு ஒரு நாள் படகுப் பயணம்: வாப்பா, உம்மாவைக் கூட்டிப் போகலாமா?

வடக்குத்தெரு மகன்:

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாருக்கும் வணக்கம்.

சொந்த ஊர் கீழக்கரை. ராத்தாவும் (அக்கா) மச்சானும் ரோமில் இருக்கிறார்கள். மே மாதம் வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். விசா கைக்கு வந்துவிட்டது. ஒரு நாள் எல்லாருமாகக் காப்ரி தீவுக்குப் போய்வர வேண்டும் என்பது ராத்தாவின் ஆசை. ஒரு சுற்றுலா கம்பெனியில் விசாரித்தாள். விடிகாலையில் ரோமில் ஏற்றி ராத்திரி கொண்டுவந்து விட்டுவிடுவார்களாம். கைடு, தீவைச் சுற்றும் படகு, 'நீலக் குகை' எல்லாம் ஒரே கட்டணத்தில் என்கிறார்கள்.

வாப்பா வாலிபத்தில் சங்கு குளிக்கிற தோணிகளில் போனவர். இன்றைக்கும் கடல் என்றால் முகம் மலர்ந்துவிடும். உம்மாவுக்குத்தான் முட்டுவலி. படி இறங்க ஒரு ஆள் கை கொடுக்க வேண்டும். வண்டியில் போனாலே குமட்டல் வரும், படகில் எப்படி என்று தெரியவில்லை. அந்தக் குகைக்குள் போவதற்குச் சின்னப் படகுக்கு மாறி, படுத்துக்கொண்டு போக வேண்டும் என்று படித்தேன். உம்மாவால் முடியுமா? அவரை எங்காவது உட்கார வைத்துவிட்டு நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு மனசில்லை. சாப்பாடு, தொழுகைக்கு என்ன வழி என்பதையும் போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கச்சிமடத்தான்:

தம்பி, வணக்கம். நான் நேப்பிள்ஸில் இருக்கிறேன். துறைமுகத்தில் கப்பல் பழுது பார்க்கும் வேலை. வானம் தெளிவாக இருந்தால் வேலை செய்யும் இடத்திலிருந்தே வளைகுடா வாயில் காப்ரி தெரியும். போன வருஷம் அப்பா வந்திருந்தபோது அவரைக் கூட்டிப்போனேன். ஆயுசு பூராவும் நாட்டுப்படகில் தொழில் செய்தவர் அவர். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தீவைப் படகில் சுற்றுவது வேறு, நீலக் குகைக்குள் நுழைவது வேறு. இரண்டையும் சேர்த்து விற்பதால்தான் குழப்பம்.

குகை தீவின் வடமேற்கு மூலையில், அனகாப்ரி ஊர்ப் பக்கம் இருக்கிறது. அதன் வாய் தண்ணீருக்கு மேலே ஒரு மீட்டர் உயரம்தான் இருக்கும். மோட்டார் படகு குகைக்கு வெளியே நின்றுவிடும். அங்கிருந்து துடுப்புப் படகுக்கு மாற வேண்டும், ஒரு படகில் நாலு பேர். எல்லாரும் படகுத் தரையில் மல்லாந்து படுத்துவிட வேண்டும். பாறையில் ஒரு சங்கிலி கட்டியிருக்கிறார்கள். அலை இறங்குகிற நேரம் பார்த்து, படகோட்டி அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்து, தானும் சாய்ந்து, படகை உள்ளே விட்டுவிடுவான். அப்பா குகையைப் பார்த்ததைவிட அந்த ஆளின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் எல்லாம் 'போகலாமே' என்று நினைத்த அலையை அவன் விட்டுவிட்டான். அடுத்ததையும் விட்டான். அதற்கடுத்ததில் ஒரே இழுப்பு. "கடல் படிச்ச பயடா" என்றார் அப்பா.

உள்ளே நீளம் 60 மீட்டர் இருக்கும். நுழைகிற ஓட்டைக்குக் கீழே, தண்ணீருக்குள் இன்னும் பெரிய வாய் ஒன்று இருக்கிறது. வெயில் அதன் வழியாகத் தண்ணீரில் புகுந்து வருகிறது. சிவப்பைத் தண்ணீர் குடித்துவிட, நீலம் மட்டும் குகை முழுக்கப் பரவி நிற்கும். கையை விட்டால் கை வெள்ளி நிறத்தில் மின்னும். பார்க்க வேண்டிய இடம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே இருப்பது ஐந்து நிமிஷம். அதற்காக வெளியே காத்திருப்பது, கூட்ட நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். அந்த நேரம் முழுக்க இன்ஜினை அடக்கிவிட்டு அலையில் ஆடிக்கொண்டே கிடக்க வேண்டும். குமட்டல் உள்ளவர்களுக்கு அதுதான் கொடுமை. ஓடுகிற படகு இவ்வளவு படுத்தாது. அதோடு ஆடுகிற படகிலிருந்து ஆடுகிற படகுக்கு இறங்கி, தரையில் உட்கார்ந்து படுத்து, திரும்ப எழ வேண்டும். முட்டுவலி உள்ள அம்மாவை இதில் இறக்காதீர்கள். அனகாப்ரியிலிருந்து பஸ்ஸில் வந்து கரை வழியாகவும் போகலாம், ஆனால் அங்கேயும் படிகள் இறங்கித்தான் அதே துடுப்புப் படகில் ஏற வேண்டும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: கொஞ்சம் அலை எழும்பினாலே குகையை மூடிவிடுவார்கள். வாய் அவ்வளவு தாழ்வு. 'குகை உண்டு' என்று எந்தக் கம்பெனி எழுதிக் கொடுத்தாலும், அதைத் தீர்மானிப்பது அன்றைய காற்று. குகைக்கான கட்டணத்தை வாயிலில் தனியாக வாங்குகிறார்கள். உங்கள் பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா, குகை மூடினால் என்ன தருவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். குகை மூடிக் கிடந்தாலும் தீவைச் சுற்றுவது அருமையான பயணம். உங்கள் உம்மாவுக்கு அது போதும், வாப்பாவுக்கும் அதுதான் பிடிக்கும். நம் பாம்பன் பக்கம் சோழகம் என்கிற தென்காற்று அடிக்கும் மாதங்களில் ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், பெண்கடல் (வடக்கே பாக் நீரிணை) குளமாகக் கிடக்கும். தொழிலுக்குப் போகிறவர்கள் அதை வைத்தே கடலைத் தேர்ந்தெடுப்பார்கள். காப்ரியிலும் கணக்கு அப்படித்தான். அங்கே வடமேற்கிலிருந்து வரும் காற்றை மயெஸ்த்ராலே என்பார்கள். அது வீசினால் குகைப் பக்கம் கடல் கிளம்பிவிடும், ஆனால் மலையின் மறைவில் தெற்குப் பக்கம் அமைதியாக இருக்கும். தென்கிழக்கிலிருந்து வரும் சிரோக்கோ என்றால் நேர்மாறு. அதனால் படகு ஏறும் முன் 'இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம், எந்தப் பக்கமாகச் சுற்றுவீர்கள்' என்று கேளுங்கள். நல்ல படகோட்டி உடனே பதில் சொல்வான். அப்பாவுக்கு இத்தாலியன் ஒரு வார்த்தை தெரியாது. அவர் கையை நீட்டிக் காற்றைக் காட்டினார், அவனும் கையாலேயே சுற்றிக் காட்டினான். நான் மொழிபெயர்க்க வேண்டிய வேலையே வரவில்லை.

தெற்குப் பக்கத்தில் ஃபரக்லியோனி என்று கடலுக்குள் நெட்டுக்குத்தாக நிற்கும் மூன்று பாறைகள். நடுப்பாறையில் இயற்கையாகவே ஒரு வளைவு இருக்கிறது, படகு அதற்குள் புகுந்து வெளியே வரும். கடைசிப் பாறையில் நீல நிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத வகை. படகிலிருந்து அதைப் பார்க்க முடியாது, ஆனால் அப்பா கரைக்கு வரும்வரை அந்தப் பாறையையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கிழக்கு முனையில் செங்குத்துப் பாறைக்கு மேலே, ரோமாபுரிச் சக்கரவர்த்தி திபேரியுஸ் கட்டிய வில்லா யோவிஸ் அரண்மனையின் இடிபாடு இருக்கிறது. கி.பி. 27 முதல் சாகும்வரை பத்து வருஷம் அவர் இந்தத் தீவில் இருந்துதான் பேரரசை ஆண்டார். அங்கே நடந்து போக ஏற்றம் அதிகம், உம்மாவுக்கு வேண்டாம்.

கோட்ஸோ என்று சொரென்டோ பக்கத்து மரப்படகுகள் இருக்கின்றன. சின்னது, தாழ்வானது, ஏறி இறங்க லேசு. ஐம்பது அறுபது பேரை ஏற்றும் பெரிய படகைவிட, சிலர் மட்டும் போகிற இதை எடுங்கள். காசு கூடத்தான். ஆனால் 'போதும், கரைக்குப் போகலாம்' என்று உம்மா சொன்னால் அந்தப் பேச்சு எடுபடும்.

கடைசியாக, ரோமிலிருந்து ஒரே நாள் என்பதை விட்டுவிடுங்கள். வேக ரயிலில் நேப்பிள்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். முதல் நாள் சாயங்காலமே வந்து இங்கே தங்கிவிட்டு, காலையில் மோலோ பெவெரெல்லோ துறையிலிருந்து வேகப்படகு ஏறினால் 50 நிமிஷத்தில் காப்ரியின் மரீனா கிராந்தேயில் இறங்கலாம். சொரென்டோவில் தங்கினால் அரை மணிகூட ஆகாது. துறையிலிருந்து மேலே ஊருக்கு மலை ரயில் உண்டு. அகஸ்டஸ் தோட்டம் வரை மெதுவாக நடந்தால் மேலிருந்தே அந்த மூன்று பாறைகளையும் பார்க்கலாம்.

கிழக்குத்தெரு ராத்தா:

தம்பி, நாங்கள் மிலானில் இருக்கிறோம். மாமியாரோடு காப்ரி போய்வந்தோம். தங்கச்சிமடம் அண்ணன் சொன்னது சரி. மாமி குகைக்குள் போகவில்லை. அவரோடு நான் படகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம், ஆனால் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். மார்கரீத்தா பீட்சா, தக்காளியும் சீஸும் துளசி மாதிரி ஒரு இலையும் வைத்த கப்ரேசே சாலட், சுட்ட மீன் இதெல்லாம் எங்கும் கிடைக்கும். கடல் உணவு போட்ட பாஸ்தாவில் பெரும்பாலும் வெள்ளை ஒயின் ஊற்றித்தான் சமைப்பார்கள், அதை முதலிலேயே கேளுங்கள். 'சென்ஸா வீனோ, சென்ஸா மையாலே' என்றால் ஒயினும் பன்றியும் வேண்டாம் என்று அர்த்தம். நேப்பிள்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டி பியாட்சா கரிபால்டி பக்கம் ஹலால் கடைகள் இருக்கின்றன, முதல் நாள் அங்கே தங்கினால் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். நான் போகும்போது இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கட்டிக்கொண்டு போனேன், மாமி அதைத்தான் விரும்பிச் சாப்பிட்டார்.

தொழுகைக்கு, நீங்கள் பயணிகள்தானே. ளுஹர், அஸர் என்ற மதிய, பிற்பகல் தொழுகைகளை ஜம்உ கஸ்ராக, அதாவது சேர்த்துச் சுருக்கித் தொழுதுகொள்ளலாம். ஒழுவுக்கு (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவ) ஒரு பாட்டில் தண்ணீர் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உம்மா உட்கார்ந்து தொழுகிறவர் என்றால் அகஸ்டஸ் தோட்டத்தில் பெஞ்சுகள் இருக்கின்றன.

மண்டபம் முகாம்:

குமட்டல் வருமா வராதா என்று இத்தாலிக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா? புறப்படும் முன் உம்மாவைப் பாம்பன் பக்கத்துக் குந்துகாலுக்குக் கூட்டி வாருங்கள். வனத்துறை அங்கிருந்து குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. தூரம் குறைவு. சோழகம் எழும்புவதற்குள் வந்தால் கடல் நன்றாக இருக்கும். உம்மா எப்படி ஏறுகிறார், எங்கே உட்கார்ந்தால் சுகமாக இருக்கிறது, இறங்கும்போது எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும் எல்லாம் உங்களுக்கே தெரிந்துவிடும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன, நம் ஊர்க்காரர்களே பலர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம். குமட்டலுக்கு மாத்திரை கொடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, படகு ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தொடங்கின பிறகு கொடுத்துப் பயனில்லை.

தொண்டி கப்பல்காரன்:

நான் வேறு மாதிரி சொல்வேன். வயதானவர்களோடு போகிறீர்கள், காப்ரியில் கூட்டமும் விலையும் அதிகம். அதே வளைகுடாவில் ப்ரோசிதா என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. 2022-இல் இத்தாலியின் கலாசாரத் தலைநகராக அறிவிக்கப்பட்ட ஊர். கோரிசெல்லா என்ற மீனவர் துறையில் மஞ்சள், ரோஸ், நீலம் என்று வீடுகள் அடுக்கடுக்காக நிற்கும். வாசலில் வலை காயும். உங்கள் வாப்பாவுக்கு அது மிகவும் பிடிக்கும். நேப்பிள்ஸிலிருந்து வேகப்படகில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடத்தான்:

தொண்டி அண்ணே, ப்ரோசிதா நல்ல ஊர்தான், நானே ஞாயிற்றுக்கிழமை போவேன். ஆனால் கோரிசெல்லாவுக்குப் படி இறங்கித்தான் போக வேண்டும். இந்த உம்மாவுக்கு அது சிரமம். மேலே இருக்கும் கோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம், அதுவரை சின்ன பஸ் போகும். காப்ரிக்குக் கடல் சரியில்லாத நாளில் மாற்று ஏற்பாடாக இதை வைத்துக்கொண்டால் நல்லது.

வடக்குத்தெரு மகன்:

எல்லாருக்கும் ஜஸாக்கல்லாஹ் கைரன். ராத்தாவிடம் பேசிவிட்டேன், ரோம் பேக்கேஜ் வேண்டாம் என்று முடிவு. நேப்பிள்ஸில் இரண்டு ராத்திரி தங்குகிறோம். உம்மாவை வெள்ளிக்கிழமை கழித்துக் குருசடைக்குக் கூட்டிப் போகிறேன்.

தங்கச்சிமடம் அண்ணே, இன்னும் இரண்டு கேள்வி. வாப்பா காப்ரியில் கடலில் இறங்குவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். விடலாமா? இன்னொன்று, காலையில் வேகப்படகையே ரத்து செய்துவிட்டால் என்ன செய்வது?

தங்கச்சிமடத்தான்:

வாப்பாவிடம் தண்ணீர் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். நம் தீவுகளைச் சுற்றி ஆழம் குறைவு, பாரும் (கடலடிப் பாறைத்திட்டும்) மணலும். காப்ரி சுண்ணாம்புப் பாறை மலை, கரையை ஒட்டியே ஆழம் விழுந்துவிடும். மே மாதத்தில் தண்ணீர் 18, 19 டிகிரிதான். நம் கடலில் குளித்துப் பழகிய உடம்புக்கு அது கடுமையான குளிர். குகைக்குள் நீந்தவும் விடமாட்டார்கள். தெற்கே மரீனா பிக்கொலா கரையில் கூழாங்கல் இருக்கும், அங்கே வெயில் ஏறின பிறகு முட்டளவுக்கு இறங்கி நிற்கட்டும். மேலே போவதா இல்லையா என்பதை அவரே சொல்வார்.

வேகப்படகு ரத்தானாலும், கலாதா போர்த்தா தி மாஸ்ஸா துறையிலிருந்து போகும் பெரிய கப்பல் பல நாள் ஓடும். நேரம் கூட ஆகும், ஆட்டம் குறைவு. உம்மாவுக்கு உண்மையில் அதுவே நல்லது. நடுவில், பின்பக்கமாக உட்கார வையுங்கள். அதுவும் ஓடவில்லை என்றால் தீவைச் சுற்றும் படகும் போகாது, அன்றைக்கு நகரத்தைப் பாருங்கள். இரண்டு ராத்திரி வைத்திருப்பதால் மறுநாள் இருக்கிறது. தேதி முடிவானதும் சொல்லுங்கள் தம்பி, விடுப்பு கிடைத்தால் துறைக்கு நானே வந்து ஏற்றிவிடுகிறேன். அப்பாவைக் கூட்டிப்போன அந்தக் கோட்ஸோக்காரனிடமும் பேசி வைக்கிறேன்.