மூன்று சக்கரமாக்கிய பைக்கில் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கிறது: என்ன சொல்லலாம்?

கையேடு எழுதுபவரிடமிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

பின் சக்கரத்தை எடுத்துவிட்டு அச்சும் இரண்டு சக்கரமும் வைத்த பைக்குகள், இருபுறமும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்கள், இரண்டுக்கும் சேர்த்து ஒரு பழுதுபார்ப்புக் கையேடு தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்கள் இவற்றை ஓட்டும் மாற்றுத்திறனாளிகளும் அவர்கள் தெருவில் இருக்கும் மெக்கானிக்குகளும்.

‘ஸ்டீயரிங் புல்’ அத்தியாயத்தில் நின்றுபோயிருக்கிறேன். நேராகப் போகும்போது ஹேண்டில்பார் தானாக இடமோ வலமோ திரும்பப் பார்க்கிறது, ஓட்டுபவர் கையால் எதிர்த்துப் பிடித்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பட்டறையில் ‘லெஃப்ட்ல இழுக்குது’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். வினையாக அது போதும். தலைப்புக்கும் பொருளடக்கத்துக்கும் ஒரு பெயர்ச்சொல் வேண்டும்.

என் கையில் இருப்பவை: திசைமாற்றி இழுவை, பக்க இழுப்பு, ஒருபக்கச் சாய்வு. இழுவை என்பதை டயரின் பிடிமானத்துக்கும் காற்றின் தடைக்கும் ஏற்கெனவே எழுதுகிறார்கள், மூன்றாவது வேலையும் கொடுக்க மனமில்லை. சாய்வு சுத்தமாக ஆகாது. இந்த வண்டி சாய முடியாது என்பதில்தான் சிக்கலே தொடங்குகிறது. பக்க இழுப்பு பரவாயில்லை, ஆனால் ‘வண்டிக்கு இழுப்பு வந்திருக்கு’ என்று யாராவது சிரிப்பார்கள். உங்கள் கருத்து?

ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடமிருந்து

கோட்டம் என்ற சொல்லைப் பரிசீலிக்கலாம். கோடுதல் என்றால் நேர்நிலை தவறி ஒரு பக்கம் வளைதல். நடுநிலை பிறழாமையைக் கோடாமை என்கிறோம். திசைக்கோட்டம் என்றால் சுருக்கமாகவும் இருக்கும், வேர்ச்சொல்லும் நம்முடையது. இழுப்பு நோயின் பெயர் என்பதால் தவிர்ப்பது நல்லது.

கோவையில் பட்டறை நடத்துபவரிடமிருந்து

ஐயா, வணக்கம். கோட்டம் அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிறவரிடம் ‘உங்கள் வண்டியில் கோட்டம் இருக்கிறது’ என்றால் மின்வாரியக் கோட்டப் பொறியாளரைத்தான் நினைப்பார். இழுப்புக்கு நோய் அர்த்தம் உண்டுதான். மூச்சு வாங்குகிறவரைப் பற்றிய பேச்சா, வண்டியைப் பற்றிய பேச்சா என்பது கேட்கிறவருக்குத் தெரியாமல் போகாது. நான் இழுப்பு பக்கம்.

சொல்லை முடிவு செய்வதற்கு முன்னால் ஒன்று. ஓட்டுபவர் ‘இழுக்குது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லுவது ஒரே கோளாறு அல்ல. எல்லாவற்றையும் ஒரு பெயரில் அடைத்தால் கையேட்டைப் பார்த்து மெக்கானிக் முதலில் ஹேண்டில் சுழல உதவும் குண்டுத் தாங்கியான பால்ரேஸைத்தான் கழற்றுவார். பல நேரம் அங்கே ஒன்றும் இருக்காது.

ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர் வடிய நடுவில் உயர்த்தி ஓரத்துக்கு இறக்கித்தான் தார் போடுகிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி தார் ரோட்டுக்கு இந்தக் குறுக்குச் சரிவு ஏறக்குறைய 1.7 முதல் 2.5 சதவீதம், மழை அதிகமுள்ள இடத்தில் கூடுதல். இரண்டு சக்கர வண்டிக்கு இது தெரியவே தெரியாது, ரோடு சரிந்தாலும் அது நிமிர்ந்தே நிற்கும். பின்னால் இரண்டு சக்கரம் வைத்ததும் வண்டியின் சட்டம் (ஃபிரேம்) ரோட்டோடு சேர்ந்து சரிகிறது. ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால்தான் முன் சக்கரம் தரையைத் தொடுகிறது, அந்தத் தூரத்தைத்தான் டிரெயில் என்கிறோம். வண்டி சரிவில் இறங்கப் பார்க்க, தரை டயரை மேட்டுப் பக்கம் தள்ள, அந்தத் தள்ளல் அச்சுக்குப் பின்னால் விழுவதால் சக்கரத்தின் மூக்கு பள்ளத்துப் பக்கம் திரும்புகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், அதனால் இடப்பக்கம்.

எவ்வளவு விசை? முன் சக்கரத்தில் 100 கிலோ எடை, 2.5 சதவீதச் சரிவு, 10 செ.மீ. டிரெயில், ஹேண்டில் நடுவிலிருந்து பிடிவரை 35 செ.மீ. என்று வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டரை கிலோ. அதைப் பத்தால் பெருக்கி முப்பத்தைந்தால் வகுத்தால் கையில் ஏறக்குறைய 700 கிராம். ஊர் விட்டு ஊர் போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தோள் விட்டுப்போகும். வண்டியில் ஒரு குறையும் இல்லாமலே இது வரும் என்பதை மெக்கானிக்கும் ஓட்டுபவரும் முதலில் நம்ப வேண்டும்.

அமெரிக்காவில் கோல்ட்விங் மாதிரிப் பெரிய பைக்குகளை மூன்று சக்கரமாக்குகிறவர்கள் இதனால்தான் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடிக்கும் மேல், கீழ்த் தகடுகளையே மாற்றுகிறார்கள். ஃபோர்க்கை இன்னும் நாலைந்து டிகிரி முன்னால் தள்ளும்படி அவை செய்யப்பட்டிருக்கும். டிரெயில் குறைகிறது, ஹேண்டில் லேசாகிறது. அதிகம் குறைத்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் உதறும், அதை அடக்க டேம்பர் ஒன்று. நம் ஊர் மாற்று வண்டிகளில் ஃபோர்க்கை யாரும் தொடுவதில்லை. செலவும் பயமும்தான் காரணம், எனக்கு அதில் குறை சொல்லத் தோன்றவில்லை. ரோட்டில் போகும் வண்டியின் ஃபோர்க்கைக் கண்ட இடத்தில் வெட்டி ஒட்டுவதைவிட 700 கிராமைச் சுமப்பது மேல்.

சரி, ரோடுதானா என்று எப்படிப் பார்ப்பது? காலி ரோட்டில், முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, நடு முகட்டில் ஓட்டிப் பாருங்கள். இழுப்பு போய்விட்டால் ரோடு. அதே வண்டி வலப்பக்கச் சரிவில் வலமாக இழுத்தால் சந்தேகமே வேண்டாம். நெல் காயவைக்கும் களத்தில் சோதிக்க வேண்டாம், அதற்கும் தண்ணீர் வாட்டம் வைத்திருப்பார்கள்.

ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மட்டும் இழுக்கிறதா? அப்படியென்றால் எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறது என்று பாருங்கள். செயினை ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கொடுத்த வண்டிகள் நிறைய. இடச் சக்கரம் தள்ளினால் வண்டி வலமாகத் திரும்பப் பார்க்கும், ஆக்சிலரேட்டரை விட்டு எஞ்சின் வேகத்தைக் குறைக்கும்போது இடமாக. கிளட்சைப் பிடித்ததும் இரண்டும் போய்விடும். இதற்கு மருந்து டிஃபரன்ஷியல்தான் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுத்து, வேறு வேறு வேகத்தில் சுற்றவும் விடும் பல்சக்கர அமைப்பு), ஆட்டோவின் பின்னச்சைப் போடுகிறவர்கள் சும்மா போடுவதில்லை.

டிஃபரன்ஷியல் இல்லாமல் ஒரே அச்சில் இரண்டு சக்கரத்தையும் இறுக்கிவிட்டால் வேறு கதை. இரண்டு டயரும் ஒரே சுற்றளவில் இருந்தாக வேண்டும். 90/100-10 ஸ்கூட்டர் டயருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1.36 மீட்டர். இரண்டுக்கும் 1 சதவீதம், அதாவது 13, 14 மி.மீ. வித்தியாசம் என்றால், சக்கர இடைவெளி 1 மீட்டர் உள்ள வண்டி 100 மீட்டர் ஆரத்தில் வட்டம் போடப் பார்க்கும். சின்ன டயர் இருக்கும் பக்கமாக. ஒரு பக்கம் புது டயர், மறுபக்கம் வழுக்கை டயர் என்று ஓட்டினால் இதுதான் நடக்கும். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, ஆள் உட்கார்ந்தபடி ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்தால் தெரிந்துவிடும். முதலில் காற்றைச் சமமாக்கிவிட்டு அளக்கவும். டயர்மேல் சந்தேகம் என்றால் இடம் வலம் மாற்றிப் போடுங்கள், இழுப்பும் பக்கம் மாறினால் டயர்தான்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் என்றால் பிரேக்தான், சொல்லவே வேண்டாம். பிடிக்காமலும் ஒரு பக்கம் இழுத்து, கொஞ்ச தூரம் போய் நிறுத்தினால் ஒரு பிரேக் டிரம் மட்டும் சுடுகிறது என்றால் பிரேக் ஷூ அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று இழுப்பே அல்ல. வண்டி நேராகத்தான் போகும், கையில் பாரமும் இருக்காது, ஆனால் ஹேண்டில் கோணலாக நிற்கும், பின்னால் வருகிறவருக்கு வண்டி நண்டு மாதிரி தெரியும். பின்னச்சு சட்டத்துக்குச் செங்கோணத்தில் இல்லை என்று அர்த்தம். பின் சக்கரங்களின் ஓரமாக முன்பக்கம்வரை இருபுறமும் நூல் பிடித்து, முன் சக்கரத்திலிருந்து தூரம் பாருங்கள். கொத்தனார் சுவருக்குச் செய்வதேதான். அலைன்மென்டுக்குத் தனிச்சொல் தேட வேண்டாம், ‘நூல் பிடித்தல்’ என்றே போட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

ஆகவே பெயரில் காரணம் வேண்டாம், காரணம் தெரியாமல்தானே பட்டறைக்கு வருகிறார்கள். எப்போது இழுக்கிறது என்பது ஓட்டுபவருக்கே தெரியும், அதை வைத்துப் பெயர் கொடுப்போம். பொதுச்சொல் பக்க இழுப்பு. சரிவில் வந்தால் சரிவு இழுப்பு, முடுக்கும்போது வந்தால் முடுக்க இழுப்பு, பிரேக்கில் வந்தால் பிரேக் இழுப்பு. எப்போதும் இருந்தால் நிலை இழுப்பு. கையில் பாரமில்லாமல் ஹேண்டில் மட்டும் திரும்பி நின்றால் அதற்கு இழுப்பு என்ற சொல்லே வரக் கூடாது, ஹேண்டில் கோணல்.

யாழ்ப்பாணத்திலிருந்து

அண்ணை எழுதிய பிரிப்பு நன்றாக இருக்கிறது. இரண்டு விஷயங்கள் மட்டும்.

கையேட்டில் வண்டியை ‘முச்சக்கர வண்டி’ என்று எழுத வேண்டாம். இலங்கையில் அது ஆட்டோ. ‘மூன்று சக்கரமாக்கிய மோட்டார் சைக்கிள்’ என்று நீட்டி எழுதினாலும் பரவாயில்லை.

ஸ்டீயரிங்குக்கு இங்கே சுக்கான் என்று எழுதுவோர் உண்டு. படகிலிருந்து வந்த சொல், அரபு மூலம் என்பார்கள். திசைமாற்றியைவிட வாயில் நுழையும். ஆனால் இந்த வண்டியில் கையில் இருப்பது ஹேண்டில்தான் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை.

தமிழாசிரியரிடமிருந்து

நண்டு ஓட்டம் விளங்கிவிட்டது, கோட்டத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘சரிவு இழுப்பு’ தவறாகப் படிக்கப்படும். சரிவு என்றால் மலை இறக்கத்தில் போகும்போது இழுக்கிறது என்றே ஒருவர் எடுத்துக்கொள்வார். பட்டறைத் தம்பி போகிற போக்கில் ‘தண்ணீர் வாட்டம்’ என்று எழுதியிருக்கிறார். குறுக்காகத் தண்ணீர் வடிய வைக்கும் சரிவுக்கு அது ஏற்கெனவே கொத்தனார் வாயில் இருக்கும் சொல். வாட்ட இழுப்பு என்று வைத்தால் என்ன?

கையேடு எழுதுபவரிடமிருந்து

ஐயா, எடுத்துக்கொண்டேன். வாடுதல் என்ற அர்த்தமும் கூட ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் ரோட்டைப் பற்றிய வரியில் யாரும் குழம்ப மாட்டார்கள். முடுக்க இழுப்பு, பிரேக் இழுப்பு, நிலை இழுப்பு, ஹேண்டில் கோணல், நூல் பிடித்தல் ஆகியவற்றையும் அப்படியே வைக்கிறேன். உதறல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.

இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைப் பற்றி ஒரு பத்தி நானே சேர்க்கிறேன். அதில் எஞ்சின் ஓட்டும் பின் சக்கரம் நடுவிலேயே இருப்பதால் முடுக்க இழுப்புக்கு இடம் குறைவு. பக்கச் சக்கரங்களில் ஒன்றில் காற்று குறைந்தாலோ, ஒன்று கொஞ்சம் உள்நோக்கித் திரும்பி நின்றாலோ நிலை இழுப்பு வரும். இரண்டையும் ரொம்பக் கீழே இறக்கி முறுக்கினால் மேடுபள்ளத்தில் நடுச்சக்கரம் தூக்கிக்கொண்டு பிடிமானமே போய்விடும், அது வேறு அத்தியாயம்.

வரைவில் இப்போது இருக்கும் பதிவு இது:

வாட்ட இழுப்பு: ரோட்டின் தண்ணீர் வாட்டத்தால் ஹேண்டில் பள்ளத்துப் பக்கம் திரும்பப் பார்ப்பது. நடு முகட்டில் ஓட்டினால் மறையும், மறுபக்கச் சரிவில் பக்கம் மாறும். பால்ரேஸைக் கழற்றும் முன் இதைப் பார்க்கவும்.

மிச்சம் இருப்பது டிரெயில். பட்டறையில் அதற்குச் சொல்லே இல்லை, யாரும் அளப்பதில்லை என்பதால். பின்னிடை என்று ஒன்று யோசித்திருக்கிறேன். அதைத் தனி இழையில் தொடங்குகிறேன், அங்கே திட்டுங்கள்.