சனிக்கிழமை ராத்திரி டிக்கெட்

கார்த்தி: பெரியம்மா, நீங்கள் எல்லோரும் மியூனிக் வரும் சனிக்கிழமை ராத்திரிக் காட்சி. ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ. எத்தனை டிக்கெட்? இன்றைக்குள் சொல்லுங்கள்.

பெரியம்மா: பேய்ப் படமா?

கார்த்தி: பாட்டுப் படம்.

ரவி மாமா: ஆம்பிளை பெண் வேஷத்தில் ஆடுவானே, அதுவா?

வித்யா: அதேதான் மாமா. தங்கள் பாலினத்தையும் காதலையும் வெளியில் சொல்லாமல் ஒளித்து வாழ்ந்த எத்தனையோ பேர் அந்தப் படத்துக்குத்தான் பயமில்லாமல் வந்தார்கள். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். 1973இல் லண்டனில் ஒரு சின்ன மாடி அரங்கில் நாடகமாகத் தொடங்கியது. 1975இல் படமாக வந்து படுத்துவிட்டது. மறுவருடம் நியூயார்க்கில் நள்ளிரவுக் காட்சி போட்டார்கள். பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்து, திரையில் பேசுகிறவர்களுக்குப் பதில் குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மியூனிக்கில் ஒரே தியேட்டரில் 1977இலிருந்து ஓடுகிறது.

சித்தப்பா: 👍

சித்தப்பா: கடைசி ரயில் கிடைக்குமா?

வித்யா: மழைக் காட்சியில் தலைக்கு மேல் செய்தித்தாள் பிடிக்க வேண்டும். கல்யாணக் காட்சியில் அரிசி வீச வேண்டும்.

பெரியம்மா: அட்சதையா! மஞ்சள் கலக்க வேண்டுமா?

கார்த்தி: வெறும் அரிசி போதும். தியேட்டரில் விடுவார்களா என்று கேட்கிறேன்.

சித்தப்பா: கார்த்தி கல்யாணத்தில் என் கைக்கு அட்சதையே வரவில்லை.

ரவி மாமா: தாலி கட்டின பிறகு வந்தால்?

சித்தப்பா: நேரத்தை மாற்றிச் சொன்னது யார்?

ரவி மாமா: பத்திரிகையில் இருந்ததே.

பெரியம்மா: போதும் இரண்டு பேரும்.

வித்யா: நான் முதலில் லேப்டாப்பில் தனியாகப் பார்த்துவிட்டுப் பாதியில் மூடிவிட்டேன். கதை தறிகெட்டு ஓடுகிறது, செட் எல்லாம் அட்டை மாதிரி. அப்புறம் கூட்டத்தோடு பார்த்தேன். குறையே இல்லாத படத்தில் நாம் சொல்ல என்ன மிச்சம்? இதில் பேச்சு தொய்கிற இடத்தில் எல்லாம் யாராவது ஒரு வரி வைத்திருக்கிறார்கள். நடுவில் ஓர் ஆட்டம் வரும், அடிகளைப் பாட்டே சொல்லிக்கொடுக்கும். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து எழுப்பினாள். அந்த ராத்திரியை நான் மறக்கவே மாட்டேன்.

பெரியம்மா: என் முழங்கால்?

வித்யா: உட்கார்ந்தே கை தட்டுங்கள் பெரியம்மா.

ரவி மாமா: எனக்கு வேண்டாம்.

சித்தப்பா: அப்படியானால் என் பேரைப் போடு.

ரவி மாமா: முடிவாகச் சொல்லவில்லையே.

கார்த்தி: மூன்றா, நாலா?

பெரியம்மா: குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது?

சித்தப்பா: பச்சரிசி இருக்கிறதா, இங்கிருந்து கொண்டு வரவா?