நாலு பாருக்கு மேல ஃப்ரீஸ்டைல் நிக்கல, என்ன பண்ணலாம்?

தகடூர்_பீட்:
தருமபுரியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சைஃபர் (வட்டமா நின்னு மாறி மாறி ராப் பாடுறது) நடத்துறோம். 90 பிபிஎம் (நிமிஷத்துக்கு 90 தட்டு) பீட். ஃப்ரீஸ்டைல்ல, அதாவது அந்த நேரத்துலயே யோசிச்சுப் பாடுறதுல, நாலு பார் (நாலு தட்டு சேர்ந்தது ஒரு பார்) தாண்டினா பசங்க மனப்பாட வரிக்குள்ள ஓடிடுறாங்க. இன்னொண்ணு, சிலர் கறுப்பின ராப்பர்களோட உச்சரிப்பு, 'N'ல தொடங்குற அந்த வசவுச் சொல் வரைக்கும் அப்படியே எடுக்குறாங்க. எதுவரைக்கும் சரி?

தொப்பூர்_கணவாய்:
90ல ஒரு பார் 2.67 நொடி. தட்டுக்கு நாலுன்னு அதுல இருக்குற 16 இடத்தையும் அசையால அடைச்சா மூணாவது பார்லயே மூச்சு முட்டும். பத்து, பதினொண்ணு போதும். நாலாவது தட்டு ஸ்னேர்ல (சுள்ளுன்னு விழுற டிரம் அடி) ரைம் இறங்கணும், அதுக்கப்புறம் மூச்சு. ரெண்டாவது பாரோட கடைசிச் சொல்லை முதல்ல பிடிச்சுக்கிட்டு அதை நோக்கிப் பேசச் சொல்லுங்க. 'வர்றான், போறான்'னு இயைபு (கடைசி ஒலி ஒத்து வர்றது) தமிழ்ல சும்மாவே கிடைக்கும், காதுல நிக்காது. ரெண்டாவது எழுத்து ஒத்து வர்ற எதுகைக்குப் போங்க: தொப்பூர், உப்பு, தப்பு, கப்பல்.

பின்பாட்டு_பென்னாகரம்:
12 பார் ப்ளூஸ்ல (அமெரிக்கக் கறுப்பின மக்களோட பாட்டு வடிவம்) முதல் வரியையே ரெண்டாவது தடவையும் பாடுவாங்க. அழகு ஒருபக்கம் இருக்கட்டும், மூணாவது வரியை யோசிக்க அதுதான் நேரம். நாலு பார்ல குரல் ரெண்டரை பார் வந்தாலே அதிகம், மிச்சத்துக்கு கிடார் பதில் சொல்லும். கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் 1926 தொகுப்புலயே இந்த அமைப்பைக் கவிதைக்குக் கொண்டுவந்துட்டார். தெருக்கூத்துல பின்பாட்டுக்காரங்க வரியை வாங்கிப் பாடுறதும் ஆடுறவருக்கு இந்த மூச்சைத்தான் கொடுக்குது. ரெண்டு பேரை வாங்கிப் பாட வைங்க.

காவேரிப்பட்டணம்_ரைம்:
ரெண்டாவது கேள்வியை ரெண்டு பேருமே தொடல. அந்த 'N' சொல் அடிமை முறை காலத்து வசவு. கறுப்பின மக்கள் அவங்களுக்குள்ள அதைத் திருப்பி எடுத்துக்கிட்டாங்க, நமக்கு அதுல பங்கு கிடையாது. லாஸ்ட் போயட்ஸ்ங்கிற கறுப்பினக் கவிஞர் குழு நியூயார்க் ஹார்லெம் பூங்காவுல தொடங்கினது 1968 மே 19, மால்கம் எக்ஸ் பிறந்தநாள்ல. கவிதைக்குக் கொங்கா மேளம் சேர்த்தாங்க. 1973ல அதே ஊரு பிராங்ஸ்ல டிஜே கூல் ஹெர்க் ஒரே இசைத்தட்டோட ரெண்டு பிரதி வச்சு பிரேக்கை (தாளம் மட்டும் ஒலிக்கிற இடம்) நீட்டினார். இந்த உத்தியெல்லாம் தாராளமா எடுங்க. குரல் மட்டும் பாலக்கோட்டுப் பேச்சுல இருக்கட்டும்.

பேட்டில் (ராப்ல ஒருத்தரை ஒருத்தர் மடக்குற போட்டி) வச்சா இன்னும் கவனம். அமெரிக்கக் கறுப்பின மக்கள் 'டசன்ஸ்'ங்கிற கிண்டல் விளையாட்டுல அம்மாவைக் கிண்டலடிப்பாங்க, கோபப்பட்டவன் தோத்தான். இங்க அது ரெண்டே சுத்துல சாதிக்குப் போயிடும். சாதி, தெரு, அம்மா மூணும் கிடையாதுன்னு முன்கூட்டியே சொல்லுங்க. மீறினா அந்த நொடியே பீட்டை நிறுத்துங்க.

தகடூர்_பீட்:
நன்றிங்கண்ணா. பீட் 90லயே இருக்கட்டுமா?

தொப்பூர்_கணவாய்:
80க்கு இறக்குங்க தம்பி, ஒரு பார் சரியா 3 நொடி வரும். கிக் (கனமான டிரம் அடி), ஸ்னேர் மட்டும் போதும். மெலடி இருந்தா ஏற்கெனவே கேட்ட பாட்டு வாய்ல வந்துடும்.