மூன்றாம் எண்ணில் நின்றிருந்த ரேசர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கூடல்வாசி எழுதியது:

போன மாதம் காரைக்குடியில் ஒரு பழம்பொருள் கடையில் ஃபேட்பாய் கிடைத்தது. ஜில்லெட்டின் பழைய ரேசர்; எண் வளையத்தை ஒன்றிலிருந்து ஒன்பது வரை திருப்பலாம், எண் கூடக்கூடச் சவரம் அழுத்தமாக இருக்கும். தலையின் அடிப்பக்கத்தில் எஃப் என்ற எழுத்தும் 3 என்ற எண்ணும். அதாவது 1960ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் செய்தது. மூக்குக்கண்ணாடிக் கூடு, சாவி இல்லாத இரண்டு பூட்டுகள், ஒரு வெற்றிலைச் செல்லம் இவற்றோடு தகர டப்பாவில் கிடந்தது. பணத்தைக் கொடுத்த பிறகுதான் அடிக்குமிழைத் திருகிப் பார்த்தேன். மேலே இரண்டு கதவுகளும் விரிந்தன. உள்ளே பிளேடு இருந்தது.

துருவேறிய பிளேடு. விளிம்பில் காய்ந்த சோப்பு சுண்ணாம்பு போலப் படிந்திருந்தது. அதில் நான்கைந்து வெள்ளை முடித் துணுக்குகள். எண் வளையம் மூன்றில் நின்றது.

யாரோ ஒரு பெரியவர் ஒரு காலையில் சவரம் முடித்து, நாளைக்கும் இதே பிளேடு தாங்கும் என்று மூடி வைத்திருக்கிறார். எந்த வீட்டுச் சாமான் என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. நான் வழக்கமாக ஐந்தில் வைத்துச் சவரம் செய்பவன். இந்த வளையத்தை மட்டும் நகர்த்தக் கை வரவில்லை. பிளேடை ஒரு காகிதத்தில் மடித்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

பித்தளைக்கிண்ணம் எழுதியது:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. 1930களின் ஜில்லெட் அரிஸ்டோகிராட் ரேசர், பொன்முலாம் பூசியது, பெட்டியோடு. மாமனார் கொடுத்தார். அவருக்கு அவர் வேலை பார்த்த எஸ்டேட் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தது. கைப்பிடி கறுத்துப் போயிருந்ததால், குத்துவிளக்குத் தேய்க்கும் பாலிஷை எடுத்துத் துணியில் தடவி நன்றாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. இன்னும் தேய்த்தேன். பிறகு துணியைத் திருப்பினால், கறுப்புக்கு நடுவே மஞ்சள் மினுமினுப்பு. பொன் முழுவதும் துணிக்கு வந்துவிட்டது. கையில் இருந்தது வெறும் பித்தளை.

எண்பது ஆண்டுகள் தாங்கிய முலாம், என் கையில் பத்து நிமிடம் தாங்கவில்லை. மாமனார் அதைப் பார்த்து, "நல்லாத் துலக்கியிருக்கீங்க மாப்பிள்ளை" என்றார். அவர் மனதாரத்தான் சொன்னார். அந்தச் சொல்தான் இன்றுவரை குத்துகிறது.

கூடல்வாசி, நீங்கள் தயவுசெய்து எதையும் தேய்க்காதீர்கள்.

தேக்காக்காரன் எழுதியது:

சிங்கப்பூர் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. அதற்கு முந்தைய வாரத்து ஞாயிறு. தரையில் பாயை விரித்து ஒரு சீனத் தாத்தா உட்கார்ந்திருந்தார். எதிரில் பழைய கைக்கடிகாரங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு ரோல்ஸ் ரேசர்.

நான் கையில் எடுக்கும் முன்பே அவர் எடுத்துவிட்டார். பெட்டியின் ஒரு பக்க மூடியைக் கழற்றினார்; அந்த மூடியில் சாணைக்கல். மறுபக்க மூடியில் தோல்வார். கல் மூடியை ஓரமாக வைத்துவிட்டு, தோல் பக்கம் பெட்டியில் பூட்டியிருக்க, கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னுமாக இழுத்துக் காட்டினார். கடக், கடக் என்று ஒவ்வொரு முனையிலும் பிளேடு தானாகப் புரண்டு மறுமுகம் காட்டியது. புது பிளேடே வாங்க வேண்டாம், ஒரே பிளேடைத் தீட்டித் தீட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம் என்று கட்டிய பொறி. அந்த ஒலியைக் கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

நாற்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார். நான் முப்பத்தைந்து என்றேன். சிரித்தபடி மூடியைப் போட்டுக் கீழே வைத்தார். அடுத்த ஞாயிறு கொடுத்துவிடுவார் என்று நம்பி நடந்தேன். அடுத்த ஞாயிறு சந்தையில் எள் விழ இடமில்லை. அவர் இடத்தில் வேறு யாரோ பழைய நாணயம் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வெள்ளி. அதன் பிறகு இரண்டு ரோல்ஸ் வாங்கிவிட்டேன். இரண்டும் நன்றாகவே தீட்டுகின்றன. அந்தக் கடக் ஒலி மட்டும் இரண்டிலும் அப்படி இல்லை.

மூன்றுமுறைசவரம் எழுதியது:

திரிச்சூரில் ஒரு லாட்ஜில் பழைய டெக் (மூன்று துண்டாகக் கழலும் ஜில்லெட் ரேசர்) ஒன்றை மறந்து வைத்துவிட்டு வந்தேன். திரும்பிப் போய்க் கேட்டபோது அறை பெருக்குபவர் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் மேலே சொன்னவற்றில் சில திருத்தங்கள் அவசியம்.

முதலில் பித்தளைக்கிண்ணம். "எதையும் தேய்க்காதீர்கள்" என்பது தவறான அறிவுரை. அழுக்கோடு வைத்தால் காய்ந்த சோப்பு கதவுக் கீல்களில் இறுகி, ஒரு நாள் திருகும்போது உடைக்கும். செய்ய வேண்டியது இதுதான்: வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மென்மையான பழைய பல்துலக்கி. அரை மணி ஊறவிட்டு, கதவுகளின் உட்பக்கம், அடிக்குமிழ், எண் வளையத்தின் இடுக்கு என்று பொறுமையாகத் துலக்க வேண்டும். கொதிக்க வைக்கக் கூடாது. நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளியைத் தேடுவார்கள். புளி, எலுமிச்சை, வினிகர் மூன்றும் கூடாது. உள்ளே பித்தளைதான், ஆனால் மேலே இருப்பது நிக்கல் முலாம். அமிலம் அதைத்தான் முதலில் கடிக்கும். பொன்முலாம் என்றால் துலக்கியைக்கூட அழுத்தக் கூடாது. கழுவிய பின் நன்றாக உலர்த்தி, திருகும் இடத்தில் ஒரு சொட்டு மினரல் ஆயில்.

அடுத்தது கூடல்வாசி. பிளேடும் ரேசரும் ஒரே காலத்தவை என்று நினைக்க வேண்டாம். துரு ஏறியிருக்கிறது என்பதால் அது பெரும்பாலும் கார்பன் எஃகு. ஸ்டெயின்லெஸ் பிளேடுகள் 1960களின் தொடக்கத்தில்தான் பரவலாகச் சந்தைக்கு வந்தன. அதற்குப் பிறகும் கார்பன் பிளேடு நெடுங்காலம் விற்றது. ஆகவே அதை வைத்து அவர் எந்த ஆண்டு கடைசியாகச் சவரம் செய்தார் என்று சொல்ல முடியாது.

வளையத்தை நகர்த்தாமல் வைப்பதும் சரியல்ல. பயன்படுத்தாத பொறி இறுகும். அடிக்குமிழை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு ஒன்றிலிருந்து ஒன்பது வரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சவரம் செய்யும்போது பிளேடு தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். அழுத்தவே வேண்டாம், ரேசரின் எடையே போதும். முதல் முறை முடி வளரும் திசையில், இரண்டாவது குறுக்கே, மூன்றாவது எதிர்த்திசை. முடிவில் படிகாரம்.

தாழம்பூ எழுதியது:

நான் எதையும் சேகரிப்பவள் அல்ல. கூடல்வாசி எழுதியதைப் படித்ததால் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலக்கை போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. நாவிதரை வீட்டுக்கு அழைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அலமாரியில் அவருடைய டெக் இருந்தது. மூன்று துண்டுகளாகக் கழற்றிப் பிளேடு போட்டேன். அதற்கு முன் நான் ரேசரைப் பிடித்ததே இல்லை. கிண்ணத்தில் நுரை அடித்துத் தடவி, கன்னத்தில் வைத்து இழுத்தேன். தடதடவென்று தாண்டித் தாண்டிப் போனது.

அப்பா இடக்கையைத் தூக்கி என் மணிக்கட்டைப் பிடித்தார். தள்ளிவிடப்போகிறார் என்று நினைத்தேன். கைப்பிடியைக் கன்னத்தை நோக்கிக் கொஞ்சம் தாழ்த்தினார். ஒரு விரல் அகலம்கூட இருக்காது. பிறகு விட்டுவிட்டார். இழுத்தேன். மணலில் சீப்பு போவது போல சரசரவென்ற ஒலியோடு வழித்துக்கொண்டு வந்தது. மேலுதட்டுக்கு வந்தபோது, நான் கேட்காமலேயே உதட்டைப் பல்லின் மீது இறக்கிக் கொடுத்தார்.

ஐயா, 30 டிகிரியா என்று நான் அளக்கவில்லை. அப்பா வைத்த சாய்வு என் கையில் இருக்கிறது. அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் கத்தியால் எதையாவது சீவும்போது மணிக்கட்டு தானாகத் தாழ்கிறது.

மூன்றுமுறைசவரம் எழுதியது:

அம்மா, மன்னிக்க வேண்டும். மூன்று துண்டு ரேசரில் அந்தச் சாய்வு கைப்பிடியைத் தாழ்த்தும்போதுதான் கிடைக்கும். உங்கள் அப்பா செய்தது மிகச் சரி.

கூடல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்றுமுறைசவரம் ஐயா சொன்னபடி வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துலக்கினேன். எண்களின் பள்ளத்தில் ஒரு காலத்தில் பூசிய சிவப்புச் சாயம் இரண்டு இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கதவுகள் சத்தமில்லாமல் திறக்கின்றன. வளையத்தை ஓட்டிப் பார்க்கத்தான் இருந்தேன், தாழம்பூ அம்மா எழுதியதைப் படித்த பிறகு விட்டுவிட்டேன்.

இன்று காலை புது பிளேடு போட்டு மூன்றிலேயே சவரம் செய்தேன். என் தாடி முரடு. மோவாயில் இரண்டாம் முறையும் போதவில்லை. அந்தப் பெரியவருக்கு மென்மையான முடியாக இருந்திருக்க வேண்டும், அல்லது வயதில் தோல் மெலிந்து, ஐந்திலிருந்து நான்கு, நான்கிலிருந்து மூன்று என்று இறங்கி வந்திருக்க வேண்டும். கழுவி உலர்த்தி, மூன்றிலேயே வைத்துவிட்டேன்.