பழைய இ.பி.ஏ.பி.எக்ஸை (ஆபீஸ் போன்களை எல்லாம் இணைக்கும் பெட்டி) மாற்றியவர்கள் என்ன பார்த்து வாங்கினீர்கள்?

லிங்கிச் செட்டித் தெரு, கிளியரிங் ஆபீஸ்:

சென்னையில் கஸ்டம்ஸ் கிளியரிங் செய்யும் ஆபீஸ் எங்களுடையது. 3 வெளி லைன், 8 எக்ஸ்டென்ஷன் (உள் போன்) பெட்டி. அதற்குள் இருக்கும் கார்டு போனால் புதிது கிடைப்பதில்லை. வேறு எங்கோ கழற்றியதைத்தான் சர்வீஸ்காரர் கொண்டுவந்து மாட்டுகிறார். செம்புக் கம்பி லைனையும் ஃபைபருக்கு மாற்றச் சொல்லிவிட்டார்கள் டெலிபோன் கம்பெனியில். சரி, ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்று இரண்டு பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். முதலாளி போட்ட நிபந்தனை ஒன்றுதான்: 25இல் தொடங்கும் பழைய நம்பர் மாறக்கூடாது. கஸ்டம்ஸ் ஹவுஸ் பக்கம் பாதிப் பேருக்கு அது மனப்பாடம்.

ஐ.வி.ஆர். ('ஒன்றை அழுத்தவும்' என்று சொல்லும் பதிவுக் குரல்), ரெக்கார்டிங், கான்ஃபரன்ஸ், மொபைல் ஆப் என்று இரண்டு கொட்டேஷனிலும் பக்கம் பக்கமாக வசதிகள். படித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. வித்தியாசத்தைக் கண்டுபிடித்தது எங்கள் போன் போர்டில் உட்கார்ந்து கால்களை மாற்றிவிடும் அக்கா. வந்த இருவரிடமும் அவர் கேட்டது இதுதான்: "கோடவுனுக்கு நான் மாத்திவிட்ட கால் அங்க யாரும் எடுக்கலைன்னா எனக்கே திரும்பி வருமா? வந்தா, எங்கிருந்து திரும்புதுன்னு தெரியுமா?"

முதலாமவர், "அதெல்லாம் செட் பண்ணிக்கலாம் மேடம்" என்றார். இரண்டாமவர் பேசவில்லை. டெமோ போன்களை மேஜையில் வைத்து, கால் போட்டு மாற்றிவிட்டார். 30 விநாடி அடித்துவிட்டு அது அக்காவிடமே வந்தது, திரையில் கோடவுன் எக்ஸ்டென்ஷன் எண்ணோடு. அங்கேயே முடிவாகிவிட்டது. கப்பல் வந்த நாளில் டிரெய்லர் டிரைவரும் பார்ட்டியும் மாறி மாறிக் கூப்பிடுவார்கள். நடுவில் பாட்டு கேட்டுக்கொண்டு தொங்குகிறவர் அடுத்த நிமிடம் முதலாளியின் மொபைலுக்குப் போய்விடுவார்.

ஐ.வி.ஆர். வேண்டாம் என்றோம். எங்கள் பார்ட்டிகளுக்கு அக்கா குரல் கேட்டால்தான் ஆபீஸ் திறந்திருப்பதாக நம்பிக்கை.

வாங்கியது ஹைப்ரிட் பெட்டி. ஆபீசுக்குள் கம்ப்யூட்டருக்குப் போடும் லான் கேபிளில் ஓடும் ஐ.பி. போன், மற்ற இடங்களில் பழைய போனும் பழைய வயரும் அப்படியே.

காசிமேடு, ஐஸ் ஃபேக்டரி:

அண்ணே, பழைய வயரை விடாதது நல்ல காரியம். லான் கேபிள் 100 மீட்டர் வரைதான்; அதற்கு மேல் நடுவில் ஒரு ஸ்விட்ச் வைக்கணும். எங்கள் கேட்டிலிருந்து கம்ப்ரசர் ரூம் அதைத் தாண்டுகிறது. ஸ்விட்ச் வைத்தால் அதற்குக் கரண்ட், அதற்கு ஒரு பெட்டி, பெட்டிக்குள் உப்புக்காற்று. ரெண்டு வயர் போன் அந்தத் தூரத்தைச் சட்டையே செய்யாது. வயர்கள் எல்லாம் வந்து சேரும் க்ரோன் பாக்ஸில் பச்சை பூத்துக் கிடந்த நுனிகளை மட்டும் வெட்டிவிட்டுப் புதிதாகப் பன்ச் செய்து மாட்டினோம், கரகரப்பு போயே போச்சு.

கரண்டைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. செம்பு லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துவிடும். அதனால்தான் கரண்ட் போனாலும் ஒரு போனாவது பேசும். ஃபைபரில் அது கிடையாது. மோடம், ஸ்விட்ச், பெட்டி எல்லாமே யு.பி.எஸ்ஸில் இருக்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் இந்தப் பக்கம் நாள் கணக்கில் இருட்டு, அது எந்த யு.பி.எஸ்ஸும் தாங்காத கதை. சாதாரண நாளுக்கு எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

மணலி, டிரான்ஸ்போர்ட்:

மொபைல் ஆப் எங்களுக்கு உதவியது. யார்டில் நிற்கும் சூப்பர்வைசர் தன் சொந்த நம்பரை யாருக்கும் தராமலே எக்ஸ்டென்ஷனில் பேசுகிறார். ஆனால் பாஸ்வேர்டு விஷயத்தில் கறாராக இருங்கள். பக்கத்து யார்டில் எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்டும் 101. யாரோ வெளியிலிருந்து நுழைந்து ராத்திரி முழுக்க வெளிநாட்டுக்கு ஐ.எஸ்.டி. போட்டுத் தள்ளிவிட்டார்கள். வெளிநாட்டுக் கால் தேவையில்லை என்றால் டெலிபோன் கம்பெனியிடம் சொல்லி லைனிலேயே பூட்டச் சொல்லுங்கள். பெட்டியில் மட்டும் பூட்டினால் போதாது.

அப்புறம், ரெக்கார்டிங் சேர்த்தா விலை சொன்னார்கள்?

லிங்கிச் செட்டித் தெரு, கிளியரிங் ஆபீஸ்:

இல்லை சார், அதற்குத் தனி லைசென்ஸ். ஒரே நேரத்தில் எத்தனை கால் பதிவாகணும் என்பதைப் பொறுத்து விலை. நாங்கள் வெளி லைனுக்கு மட்டும் எடுத்தோம், இன்டர்காம் பேச்சை விட்டுவிட்டோம். யு.பி.எஸ். மூன்று மணி நேரம் என்று எழுதித் தந்திருக்கிறார்கள்.